ஜெனரல் சோ டோஃபு சாண்ட்விச்

ஜெனரல் சோ டோஃபு சாண்ட்விச் என்பது இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காமல் செய்யப்படும் ஒரு நனிசைவ உணவாகும். அமெரிக்கச் சீன உணவகங்களில் பார்சலாக வாங்கிச் செல்லப்படும் உணவுகளுள் மிகவும் பெயர்பெற்ற ஜெனரல் சோ சிக்கனைத் தழுவி இது செய்யப்படுகிறது. அந்த உணவில் பொரித்த கோழித் துண்டுகள் இனிப்பு, புளிப்பு, காரம், உவர்ப்பு நான்கும் கலந்த கெட்டியான சாஸில் புரட்டப்படுகின்றன. சாண்ட்விச்சில் கோழியின் இடத்தைச் சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு பெறுகிறது. இந்தியக் கடைகளில் டோஃபு, சோயா பன்னீர் என்ற பெயரிலும் கிடைக்கிறது.

இவ்வுணவைச் செய்யும்போது பலரும் கோழியைப் போன்ற சுவையை எப்படிக் கொண்டுவருவது என்றே யோசிக்கின்றனர். உண்மையில் ஜெனரல் சோ சிக்கனின் சுவை பெரும்பாலும் சாஸிலும் மொறுமொறுப்பான மேலுறையிலும் இருக்கிறது. கோழிக்கெனத் தனிச் சுவை அதில் குறைவு. எனவே மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பது எளிது. கடினமானது நீரைக் கட்டுப்படுத்துவதே. டோஃபுவில் நீர் உள்ளது, சாஸில் நீர் உள்ளது, காய்களிலும் நீர் உள்ளது. ரொட்டியோ நீரை உறிஞ்சக்கூடியது. கீழே தரப்படும் செய்முறையின் ஒவ்வொரு படியும் இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்காகவே அமைந்துள்ளது.

மூல உணவின் வரலாறு

இவ்வுணவின் பெயரில் உள்ள தளபதி சுவோ சொங்தாங் (1812–1885) ஆவார். இவர் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் பிறந்து, சிங் பேரரசின் படைத்தலைவராகவும் அரசியலாளராகவும் விளங்கியவர். தைப்பிங் கிளர்ச்சியை ஒடுக்கியதில் இவருக்குப் பங்குண்டு. ஆயினும் இந்த உணவை அவர் உண்டதில்லை. அவர் காலத்தில் இவ்வுணவே இல்லை.

இதை உருவாக்கியவராகக் கருதப்படுபவர் பெங் சாங்குவெய் என்னும் ஹூனான் சமையற்கலைஞர். சீன உள்நாட்டுப் போரின் முடிவில், 1949இல், தேசியவாத அரசினருடன் இவர் தைவானுக்குச் சென்றார். அங்கு அரசு விருந்துகளுக்குச் சமைத்து வந்தபோது, 1950களில் இவ்வுணவை அமைத்து, தம் மாகாணத்தின் புகழ்பெற்ற தளபதியின் பெயரை அதற்கு இட்டார். அப்போது அதில் இனிப்பு இல்லை. ஹூனான் சமையலுக்குரிய புளிப்பு, காரம், உப்பு ஆகியவையே மேலோங்கி இருந்தன.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹூனான் பாணி உணவகங்கள் தோன்றின. தைபேயில் பெங்கின் சமையலைச் சுவைத்துத் திரும்பிய நியூயார்க் சமையற்காரர்கள் இவ்வுணவை அமெரிக்கர்களின் விருப்பத்துக்கேற்ப மாற்றினர். அவர்களுள் டி. டி. வாங் குறிப்பிடத்தக்கவர். மேலுறை மேலும் மொறுமொறுப்பாக்கப்பட்டது. சாஸில் சர்க்கரை சேர்ந்தது. 1973இல் பெங் தாமே நியூயார்க்குக்கு வந்து உணவகம் திறந்தபோது, அவருடைய உணவின் இனிப்பு வடிவம் அங்கே ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்தது. அவரும் தம் செய்முறையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் 1990இல் ஹூனானின் தலைநகர் சாங்ஷாவில் அவர் திறந்த உணவகம் நிலைக்கவில்லை. ஜெனரல் சோவின் சொந்த மாகாணத்தவருக்கு அவ்வுணவு மிகவும் இனிப்பாக இருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பெங் 2016இல் காலமானார். இவ்வுணவின் வரலாற்றை ஆராயும் ஆவணப்படம் ஒன்று 2014இல் வெளிவந்தது.

இந்த வரலாற்றிலிருந்து சமைப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஹூனான் சுவையில் தைவானில் பிறந்து, நியூயார்க்கில் இனிப்பாகி, அட்டைப்பெட்டியில் அமெரிக்கா முழுவதும் பரவிய உணவு இது. ஒவ்வோர் இடத்திலும் உண்பவருக்கேற்ப மாறியே வந்துள்ளது. கோழியை நீக்கி ரொட்டிக்குள் வைப்பதும் அம்மாற்றங்களின் தொடர்ச்சியே.

ரொட்டிக்குள் சீன உணவு

சீன உணவகங்களின் உணவை ரொட்டிக்குள் வைத்து உண்பது அமெரிக்காவில் புதிதன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில் சௌமின் சாண்ட்விச் பல பத்தாண்டுகளாக விற்கப்படுகிறது. பொரித்த நூடுல்ஸையும் பழுப்பு நிறக் குழம்பையும் பன்னுக்குள் வைத்துத் தருவர். மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் செயின்ட் பால் சாண்ட்விச் பெயர்பெற்றது. இதில் எக் ஃபூ யங் எனப்படும் சீன பாணி முட்டை அடை, லெட்யூஸ் இலை, தக்காளி, ஊறவைத்த வெள்ளரி, மயோனைஸ் ஆகியவற்றுடன் வெள்ளை ரொட்டிக்குள் வைக்கப்படுகிறது. இரண்டும் விலை மலிவான, கையில் பிடித்து உண்ணத்தக்க உணவுகளாகத் தொழில் நகரங்களில் வளர்ந்தவை.

உணவகங்களில் கிடைக்கும் டோஃபு வடிவம்

அமெரிக்கச் சீன உணவகங்கள் பலவற்றில் ஜெனரல் சோ டோஃபு தனி உணவாகவே பட்டியலில் இடம்பெறுகிறது. ஆனால் டோஃபு என்று இருப்பதாலேயே அது நனிசைவ உணவாகிவிடாது. சாஸில் கோழிச் சாறோ சிப்பி சாஸோ சேர்க்கப்படலாம். மேலுறை மாவில் முட்டை இருக்கலாம். கோழி பொரித்த எண்ணெயிலேயே டோஃபுவும் பொரிக்கப்படலாம். விலங்குப் பொருட்களை முற்றிலும் தவிர்ப்பவர்கள் இம்மூன்றையும் கேட்டறிந்தே வாங்க வேண்டும். வீட்டில் செய்வதன் முதன்மையான பயன் இந்த ஐயம் நீங்குவதாகும்.

சாண்ட்விச்சுக்கான ரொட்டியையும் கவனிக்க வேண்டும். பளபளப்பான, மிருதுவான பன் வகைகள் பலவற்றில் பாலும் வெண்ணெயும் முட்டையும் உண்டு. பொதியில் அச்சிட்டுள்ள பொருட்பட்டியலைப் படித்து வாங்குவது நல்லது.

தேவையான பொருட்கள்

கீழுள்ள அளவுகள் 4 சாண்ட்விச்சுகளுக்கு உரியவை.

டோஃபுவுக்கு:
- கெட்டியான டோஃபு – 400 கிராம்
- சோயா சாஸ் – 1 மேசைக்கரண்டி
- துருவிய இஞ்சி – 1 தேக்கரண்டி
- இனிப்புச் சேர்க்காத சோயா பால் – 100 மில்லிலிட்டர்
- சோள மாவு – 100 கிராம்
- மைதா – 30 கிராம்
- பேக்கிங் பவுடர் – அரைத் தேக்கரண்டி
- பொரிக்கக் கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய்

சாஸுக்கு:
- சோயா சாஸ் – 3 மேசைக்கரண்டி
- அரிசி வினிகர் – 2 மேசைக்கரண்டி
- சர்க்கரை – இரண்டரை மேசைக்கரண்டி
- தக்காளி விழுது – 1 தேக்கரண்டி
- தண்ணீர் – 80 மில்லிலிட்டர்
- சோள மாவு – 2 தேக்கரண்டி
- காய்ந்த மிளகாய் – 6
- பொடியாக நறுக்கிய பூண்டு – 4 பல்
- பொடியாக நறுக்கிய இஞ்சி – 1 மேசைக்கரண்டி
- வறுத்த எள்ளின் எண்ணெய் – 1 தேக்கரண்டி

அடுக்குவதற்கு:
- பன் – 4
- மெலிதாக நறுக்கிய முட்டைக்கோஸ் – 150 கிராம்
- துருவிய கேரட் – 1
- வெங்காயத்தாள் – 3
- வறுத்த வெள்ளை எள் – 1 மேசைக்கரண்டி
- முட்டையில்லா மயோனைஸ் – 4 மேசைக்கரண்டி

இங்குச் சோள மாவு என்பது கடைகளில் கார்ன்ஃப்ளார் என விற்கப்படும் வெள்ளை மாவுச்சத்தைக் குறிக்கும். மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு இதற்கு ஏற்றதன்று. அதுபோலவே, சீனச் சமையலில் பயன்படும் எள் எண்ணெய் நன்கு வறுத்த எள்ளில் இருந்து எடுக்கப்படுவது. அடர்நிறமும் தூக்கலான மணமும் கொண்டது. வறுக்காத எள்ளில் ஆட்டும் நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. அது கிடைக்காவிட்டால், எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம்.

செய்முறை

1. நீரை வடித்தல்: டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரத்தை வைத்து 30 நிமிடம் அழுத்த வேண்டும். பின்னர் ஒன்றேகால் சென்டிமீட்டர் கனமுள்ள அகலத் துண்டுகளாக, பன்னின் அளவுக்கேற்ப வெட்ட வேண்டும். உணவகத்தில் போலச் சிறு கட்டிகளாக வெட்டினால் கடிக்கும்போது அவை ரொட்டியிலிருந்து வெளியே உருளும்.

2. ஊறவைத்தல்: சோயா சாஸையும் துருவிய இஞ்சியையும் துண்டுகளின் இருபுறமும் தடவி 15 நிமிடம் வைக்க வேண்டும். அதன்பின் மேற்பரப்பில் தேங்கிய ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும்.

3. கோஸ் கலவை: முட்டைக்கோஸுடனும் கேரட்டுடனும் கால் தேக்கரண்டி உப்பும் சில துளி வினிகரும் பிசறி 20 நிமிடம் வைத்தால் நீர் விடும். அந்த நீரை நன்கு பிழிந்துவிட வேண்டும்.

4. சாஸ்: ஒரு கிண்ணத்தில் சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, தக்காளி விழுது, தண்ணீர், சோள மாவு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, கிள்ளிய மிளகாயை மிதமான தீயில் அரை நிமிடம் வதக்க வேண்டும். மிளகாய் கருகினால் சாஸ் கசக்கும். இஞ்சியும் பூண்டும் சேர்த்து மணம் வந்ததும் கலவையை ஊற்றிக் கிளற வேண்டும். கொதி வந்து பளபளப்பாகத் தடித்து, கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மறையாமல் நிற்கும் பதத்தில் இறக்கி, எள் எண்ணெய் சேர்க்க வேண்டும்.

5. மேலுறை: சோயா பாலில் 3 மேசைக்கரண்டி சோள மாவைக் கரைக்க வேண்டும். மீதிச் சோள மாவு, மைதா, பேக்கிங் பவுடர் மூன்றையும் ஒரு தட்டில் கலந்துகொள்ள வேண்டும். டோஃபுத் துண்டைக் கரைசலில் தோய்த்து, உலர் மாவில் அழுத்திப் புரட்ட வேண்டும்.

6. பொரித்தல்: எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடானதும், ஓரிரு துண்டுகளாக இட்டு 4 நிமிடம் பொரித்து, கம்பி வலையில் வைக்க வேண்டும். எல்லாம் பொரிந்த பின், 190 டிகிரியில் மீண்டும் ஒரு நிமிடம் பொரிக்க வேண்டும்.

7. அடுக்குதல்: பன்னை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தைக் கல்லில் பொன்னிறமாக வாட்டி, மயோனைஸ் தடவ வேண்டும். கீழ்ப்பாதியில் கோஸ் கலவையைப் பரப்ப வேண்டும். டோஃபுவின் மேற்புறத்திலும் ஓரங்களிலும் மட்டும் சாஸைப் பூசி அதன்மேல் வைத்து, வெங்காயத்தாளும் எள்ளும் தூவி மூட வேண்டும். உடனே பரிமாறுவது சிறந்தது.

எச்சரிக்கை: ஈரமுள்ள டோஃபு கொதிக்கும் எண்ணெயில் பட்டால் எண்ணெய் தெறிக்கும். உறையவைத்த டோஃபுவை முழுமையாக உருகவிட்டுப் பிழிந்த பிறகே பொரிக்க வேண்டும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. மாணவர்கள் பெரியவர்களின் துணையுடன் செய்வது நல்லது.

செய்முறையின் அறிவியல்

டோஃபு என்பது சோயா புரதம் வலைபோலப் பின்னி, இடையே நீரைத் தேக்கிவைத்திருக்கும் பொருள். சோயா பாலில் கால்சியம் சல்ஃபேட்டையோ மெக்னீசியம் குளோரைடையோ சேர்த்து இது திரிக்கப்படுகிறது. அழுத்தும்போது வலையிலுள்ள நீரின் ஒரு பகுதி வெளியேறுகிறது. உறையவைத்து உருக்கினால், பனிப்படிகங்கள் வலையைக் கிழித்து பெரிய துளைகளை உண்டாக்குகின்றன. டோஃபு பஞ்சு போலாகி, மெல்லும்போது இறைச்சியை நினைவூட்டும் இழுவை பெறுகிறது. இதனால் உறையவைத்த டோஃபுவை விரும்புவோர் பலர். ஆனால் அது சாஸை மிகுதியாக உறிஞ்சும் என்பதால், சாஸை இன்னும் கெட்டியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மேலுறையில் சோள மாவே மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கோதுமை மாவில் உள்ள குளூட்டன் புரதம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால், மைதா மட்டும் கொண்ட உறை ஆறியதும் விரைவில் தளர்ந்துவிடும். சோள மாவு ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து. பொரிக்கும்போது நீர் வெளியேறி, மெல்லிய, எளிதில் நொறுங்கும் ஓடாக இறுகுகிறது. சிறிதளவு மைதா நிறத்தையும் பிடிப்பையும் தருகிறது. முதல்முறை பொரித்து ஆறவைக்கும்போது உள்ளிருக்கும் ஈரம் மேலுறைக்கு நகர்கிறது; இரண்டாம் பொரிப்பு அதை வெளியேற்றுகிறது.

சாஸைத் தடிக்கவைப்பதும் அதே சோள மாவுதான். நீரில் சூடேறும் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, கொதிநிலையை நெருங்கும்போது கெட்டியான குழம்பாகின்றன. வினிகருடன் நெடுநேரம் கொதிக்கவிட்டால் அமிலம் மாவுச்சத்தைச் சிதைத்து சாஸை மீண்டும் நீர்க்கச் செய்யும். ஆகவே தடித்ததும் இறக்கிவிட வேண்டும்.

வாட்டிய ரொட்டியின் உலர்ந்த மேற்பரப்பும் மயோனைஸின் கொழுப்பும் சாஸின் நீர் ரொட்டிக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. பார்சல் உணவு மொறுமொறுப்பை இழப்பதற்கும் நீரே காரணம். சூடான உணவை மூடிவைத்தால் நீராவி வெளியேற வழியின்றி மேலுறையிலேயே படிகிறது. அமெரிக்கச் சீன உணவகங்களின் அடையாளமாகிவிட்ட மடிப்பு அட்டைப்பெட்டி, 1894இல் சிகாகோவில் காப்புரிமை பெற்றது. முதலில் சிப்பி இறைச்சியைக் கொண்டுசெல்லவே அது பயன்பட்டது. நீர் ஒழுகாமல் காப்பது அதன் வேலை; மொறுமொறுப்பைக் காப்பது அன்று.

ஊட்டச்சத்து

கெட்டியான டோஃபுவின் 100 கிராமில் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 17 கிராம் வரை புரதம் இருக்கும். அதே அளவு சமைத்த கோழி மார்பு இறைச்சியில் சுமார் 30 கிராம் உண்டு. அளவில் குறைந்தாலும், உடலுக்குத் தேவையான எல்லா இன்றியமையா அமினோ அமிலங்களும் சோயா புரதத்தில் உள்ளன. கால்சியம் சல்ஃபேட்டால் திரித்த டோஃபுவில் கால்சியம் மிகுதி. வைட்டமின் பி12 தாவர உணவுகளில் நம்பத்தக்க அளவில் இல்லை என்பதால், நனிசைவர்கள் அதைச் செறிவூட்டிய உணவுகளாலோ மாத்திரைகளாலோ பெற வேண்டும்.

தாவர உணவு என்பதாலேயே இது எளிய உணவாகிவிடாது. ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது. மேலுள்ள அளவில் ஒரு சாண்ட்விச்சுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சேர்கிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் நாள் வரம்பு 2,000 மில்லிகிராமுக்குக் கீழ் என்பதால், ரொட்டியின் உப்பைச் சேர்க்காமலேயே இது அவ்வரம்பில் பாதியை நெருங்குகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் குறைத்த சோயா சாஸைப் பயன்படுத்தி, வினிகரையும் இஞ்சியையும் சற்றுக் கூட்டலாம்.

சோயா, கோதுமை, எள் மூன்றும் ஒவ்வாமை தரக்கூடியவை. பெரும்பாலான சோயா சாஸ்களில் கோதுமையும் உண்டு. பிறருக்குப் பரிமாறும் முன் இதைத் தெரிவிக்க வேண்டும்.

பொதுவான குறைகளும் தீர்வுகளும்

- மேலுறை கழன்று வருதல்: டோஃபுவின் மேற்பரப்பு ஈரமாக இருந்திருக்கும். மாவில் புரட்டிய பின் 5 நிமிடம் வைத்துப் பொரித்தால் உறை பிடித்துக்கொள்ளும்.
- எண்ணெய் மிகுதியாகக் குடித்தல்: எண்ணெயின் சூடு போதவில்லை, அல்லது ஒரே நேரத்தில் பல துண்டுகள் இடப்பட்டுள்ளன.
- சாஸ் திகட்டுதல்: சர்க்கரையைக் குறைப்பதைவிட அரை மேசைக்கரண்டி வினிகர் சேர்ப்பது சுவையைச் சமன்செய்யும். சர்க்கரையைக் குறைத்தால் பளபளப்பும் குறையும்.
- ரொட்டி ஊறிப்போதல்: சாஸ் நீர்த்தோ மிகுதியாகவோ இருந்திருக்கும். தட்டில் பரிமாறும் உணவுக்கு வேண்டிய சாஸில் பாதியே சாண்ட்விச்சுக்குப் போதும்.
- மதிய உணவுக்குக் கொண்டுசெல்லுதல்: டோஃபு, சாஸ், கோஸ் கலவை, பன் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துச்சென்று உண்ணும்போது அடுக்க வேண்டும். டோஃபுவை நன்கு ஆறிய பின்பே மூட வேண்டும்.

வேறு வடிவங்கள்

டோஃபு கிடைக்காத இடங்களிலும் சோயா ஒவ்வாதவர்களுக்கும் வேறு பொருட்களைக் கொண்டு இதைச் செய்யலாம். மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, இறுகப் பிழிந்து, தட்டையாக்கிப் பொரிக்கலாம். சோயாவையே தவிர்க்க வேண்டியவர்கள் காலிஃபிளவரையோ சிப்பிக் காளானையோ பயன்படுத்தலாம். ஆனால் இவற்றில் புரதம் மிகக் குறைவு. இவர்கள் சோயா பாலுக்குப் பதில் தண்ணீரையும், சோயா சேராத மயோனைஸையும் கொள்ள வேண்டும். சோயா சாஸுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பூச்சாற்றில் செய்யும் உவர்ப்புச் சாஸ் சில நாடுகளில் கிடைக்கிறது.

காலிஃபிளவர் வடிவம் இந்திய வாசகர்களுக்குக் கோபி மஞ்சூரியனை நினைவூட்டும். இரண்டுக்கும் உறவு இல்லாவிட்டாலும் பிறந்த விதம் ஒன்றே. 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. கோபி மஞ்சூரியன் அதன் சைவ வடிவம். கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவர் வந்தபோதும், மொறுமொறுப்பும் சாஸும் நிலைத்ததால் உண்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். ஜெனரல் சோ டோஃபு சாண்ட்விச்சுக்கும் இதுவே பொருந்தும். மேலுறை நொறுங்க வேண்டும். சாஸில் நான்கு சுவைகளும் தனித்தனியே தெரிய வேண்டும். ரொட்டி கடைசிக் கடி வரை கையில் நிற்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், உள்ளே எந்தப் பொருளை வைத்தாலும் மூல உணவின் சுவையை உண்பவர் அடையாளம் கண்டுகொள்வார்.